கட்டைவிரல் சொன்ன பொய்

எங்கள் பட்டறையில் செய்கிற மடக்குக் கத்தி எதுவும் நேராகக் கடைக்குப் போய்விட முடியாது. முதலில் என் அக்காவின் பாக்கெட்டில் எட்டு வாரம் குடியிருந்தாக வேண்டும். இது மாமா போட்ட சட்டம். மாமா என்றால் அக்காவின் கணவர். கத்திகளை வரைகிறவர், பட்டறைக்குச் சொந்தக்காரர், ஒரு தோசையளவு விஷயத்தைக்கூட மூன்று நாள் யோசிக்கிற மனிதர். நான் அக்காவின் தங்கை. கத்தியின் உறுப்புகளைச் சேர்த்து, திருகு முறுக்கி, முழுக் கத்தியாக்கி மேசையில் வைப்பது என் வேலை. எல்லாருக்கும் நான் ‘சின்னவள்’. நாற்பத்து மூன்று வயதாகியும் சின்னவள்தான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அக்காவுக்குப் பட்டறையில் வேலை கிடையாது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற செடிப் பண்ணையில் வேலை. காலை ஏழரைக்கு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம் வரை கத்தி அவள் கையிலும் பாக்கெட்டிலுமாக மாறிமாறி இருக்கும். உரச் சாக்கின் வாயை அறுப்பாள். சணல் வெட்டுவாள். சொட்டுநீர்க் குழாயை நறுக்குவாள். ரோஜாக் கிளையைச் சாய்வாகச் சீவுவாள். மதியம் அதே கத்தியைக் கழுவி ஆப்பிள் தோலை உரிப்பாள். பண்ணைக்காரம்மாவின் பென்சிலைக் கூராக்குவதும் அவள்தான். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது திறந்து மூடுவாள் என்று நான் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எந்த இயந்திரமும் ஒரு கத்தியை அந்தப் பாடு படுத்தாது.

சாயங்காலம் மாடியில் டீ குடிக்கும்போது மாமா நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, “சரியா இருக்கா?” என்று கேட்பார். இரண்டே வார்த்தை. அக்கா பதிலும் அதற்குமேல் நீளாது. மாமா எழுதிக்கொள்வார். இருபது வருஷமாக இதுதான் அவர்கள் பேசிக்கொண்ட லட்சணம். நான் நடுவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டு இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசுவேன்.

அவர்கள் சேர்ந்த கதையும் கத்தியால் வந்ததுதான். மாமா தனியாளாகப் பட்டறை வைத்த புதிதில், தான் வரைந்த முதல் கத்தியைச் செடிப் பண்ணைக்கு இலவசமாகக் கொடுத்திருந்தார். மூன்றாம் நாள் அதை எடுத்துக்கொண்டு ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். “இதை வரைஞ்சவரு யாருங்க? அவருக்குக் கை இருக்கா?” என்று கேட்டாள். கைப்பிடி பார்வைக்கு அழகு; பிடித்தால் சுண்டுவிரலுக்கு இடம் கிடையாது. மாமா இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாராம். ஒரு வருஷத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. கூடவே நானும் வந்து சேர்ந்தேன்.

அதிலிருந்து மாமா என்ன புதுசாகச் செய்தாலும் தீர்ப்பு அக்காவுடையது. அலுமினியத்தில் கைப்பிடி செய்தார். குளிர்காலக் காலையில் அதைத் தொட்டுவிட்டு, இதற்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுங்கள் என்றாள். டைட்டேனியம் இலேசாக இருக்கிறது, துருப் பிடிக்காது, ஆனால் ஈரக் கையில் நழுவுகிறது என்றாள். கண்ணாடி நாரைப் பிசினில் இறுக்கிச் செய்த கைப்பிடி கரகரவென்று நன்றாகப் பிடித்தது. பிடித்த வேகத்தில் மூன்று ஏப்ரன் பாக்கெட்டுகளை அரைத்துத் தின்றுவிட்டது. ஒருமுறை மாமா எங்கிருந்தோ படு கடினமான எஃகு வரவழைத்தார். மாதக்கணக்கில் தீட்டவே வேண்டாம் என்று துள்ளினார். சாக்குத் தையலின் கம்பியில் பட்டதும் அதன் விளிம்பு உதிர்ந்தது. அக்கா அந்தத் துணுக்கை ஒரு தாளில் மடித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம், உடைந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். மாமா அந்த எஃகைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்டவள் பொய் சொல்வாள் என்று யார் நினைப்பார்கள்?

போன வருஷம் மாமா ஒரு புதுக் கத்தி வரைந்தார். பட்டறையில் அதற்கு ‘மெல்லிசு’ என்று பெயர் வைத்தோம். பாக்கெட்டில் இருப்பதே தெரியக்கூடாது, ஒரே கையால் திறக்க வேண்டும், ஆபீஸுக்குப் போகிறவரும் வைத்துக்கொள்ள வேண்டும், தோட்டத்தில் இருப்பவரும் வைத்துக்கொள்ள வேண்டும். அலகு ஒரு விரல் நீளம். பொடியாக்கி மறுபடி இறுக்கிச் செய்கிற புது வகை எஃகு. உதிரவும் உதிராது, சீக்கிரம் மழுங்கவும் மழுங்காது. கைப்பிடிக்குத் துணியை அடுக்கடுக்காகப் பிசினில் ஊறவைத்து அழுத்திய பலகை. ஈரம் பட்டால் அதன் பிடிமானம் கூடத்தான் செய்யும். கரும்பச்சை நிறம். எனக்கே அதை எடுத்து ஒளித்து வைத்துக்கொள்ளலாமா என்று இருந்தது. கடைக்காரர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் நானூறு வேண்டும் என்றார்.

முதல் மாதிரி அக்காவிடம் போனது. எட்டு வாரம் கழித்து, திறக்கக் கடினமாக இருக்கிறது என்றாள்.

இந்த இடத்தில் ஒரு சமாசாரம் சொல்லியாக வேண்டும். மடக்குக் கத்திக்குள் கடுகளவு எஃகுக் குண்டு ஒன்று இருக்கிறது. திறந்த அலகு மடங்கிவிடாமல் பிடித்து நிறுத்துகிற பூட்டுத் தகட்டில் அது பதிந்திருக்கும். அலகில் அதற்கென்று ஒரு குழி. கத்தியை மூடினால் குண்டு குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாக்கெட்டில் கத்தி தானாகத் திறந்துகொள்ளாமல் இருப்பது அதனால்தான். அலகிலுள்ள குமிழைக் கட்டைவிரலால் தள்ளும்போது முதலில் ஒரு தடை, பிறகு ‘டக்’கென்று விடுதலை, அது குண்டு குழியை விட்டு வெளியே வருகிற சத்தம். குழி ஆழமாக இருந்தால் கத்தி பத்திரம், கட்டைவிரலுக்கு வேலை. குழி மேலாக இருந்தால் கட்டைவிரலுக்குச் சுகம், கத்தி யார் பேச்சையும் கேட்காது.

மாமாவுக்கு ஆச்சரியம். இதைவிட இறுக்கமான கத்திகளை அக்கா சர்வ சாதாரணமாகத் திறந்திருக்கிறாள். ஆனாலும் அவள் சொன்னால் சொன்னதுதான். குழியைக் கொஞ்சம் மேலாக்கினார். இரண்டாவது மாதிரி போனது. எட்டு வாரம் கழித்து, இன்னும் இறுக்கம்தான் என்றாள். மாமா நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு பூட்டுத் தகட்டை மெலிசாக்கினார், அலகு சுழலும் இடத்தில் குட்டி பேரிங் வைத்தார், குழியை இன்னும் ஒரு மயிரளவு மேலாக்கினார். நான் உறுப்புகளைப் பூட்டிக் கொடுத்தேன். தொட்டால் திறந்தது. வழக்கப்படி மூடிய கத்தியை, அலகு வெளியே வருகிற பக்கம் கீழே வரப் பிடித்து ஒரு உதறு உதறிப் பார்த்தேன். அலகு வெளியே வரவில்லை. சரி, தொலையட்டும் என்று மூன்று செய்தேன். ஒன்று அக்காவுக்கு, ஒன்று மாமாவுக்கு, ஒன்று பட்டறையில் வைத்துக்கொள்ள.

அது நடந்து நாலைந்து வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் சர்க்கரை கேட்டு மாடிக்குப் போனேன். அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் பாட்டிலை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கி, மூடியைத் துணியால் சுற்றி, இடது உள்ளங்கையால் திருகிக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் சும்மா கிடந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. என்னைப் பார்த்ததும் பாட்டிலை விட்டுவிட்டு, கண்ணில் வெங்காயம் என்றாள். அடுப்பங்கரையில் வெங்காயமே இல்லை.

கையை இழுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் மணிக்கட்டோடு சேருகிற இடம் வீங்கி, எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இலேசாகத்தான் தொட்டேன், பல்லைக் கடித்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆறேழு மாதமாக வலி. யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போயிருக்கிறாள். மூட்டுக்கு நடுவில் இருக்கிற மெத்தை தேய்ந்துவிட்டது, கட்டைவிரலால் அழுத்துகிற வேலையைக் குறைக்க வேண்டும், விரலை அசையாமல் பிடிக்கிற பட்டை போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். பட்டையைத் துணி அலமாரியில் பழைய போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். மாமா கடைக்குப் போகிற நேரத்தில் மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்வாளாம். பண்ணையில் கத்தியை இடது கையால் பிடித்து, ஏப்ரன் ஓரத்தில் குமிழை உரசித் திறக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நன்றாகத் திட்டினேன். உனக்கென்ன பைத்தியமா, மாமாவிடம் சொன்னால் தலையையா வாங்கிவிடுவார் என்று கேட்டேன். அவள் துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அவரு எதை வரைஞ்சாலும் முதல்ல என் கையில குடுத்துட்டு என் முகத்தைத்தான் பாப்பாரு. இந்தக் கை ஆகாதுன்னு தெரிஞ்சா, அடுத்த கத்தியை வேற யாருக்கோதான் குடுக்கணும். அவரு அங்க திரும்பிப் பாக்கிறதை நான் பாக்கணுமா? சொல்லாதடி. நான் சமாளிச்சுக்கிறேன்.”

ஊர் வாயை அடைத்தாலும் என் வாயை அடைக்க முடியாது என்று மாமா அடிக்கடி சொல்வார். அன்றைக்கு அக்கா அடைத்துவிட்டாள். எண்ணெய் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, கேட்க வந்த சர்க்கரையை மறந்து கீழே இறங்கிவிட்டேன்.

எட்டு வாரம் முடிந்தது. டீ நேரத்தில் மாமா கேட்டார். சரியாக இருக்கிறது என்றாள் அக்கா. மாமா முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. மறுநாளே அலகுகளுக்குக் குழி போட ஆரம்பித்துவிட்டார். நானூறு அலகு. வியாழக்கிழமை எல்லாம் உலைக்குப் போக வேண்டும். எஃகைச் சூடேற்றிக் கடினமாக்குகிற அந்த உலை எங்களிடம் கிடையாது, வெளியே அனுப்புவோம். உலைக்குப் போய்வந்த அலகில் துளைபோடும் முனை ஏறாது. குழியை ஆழப்படுத்துவதென்றால் வியாழனுக்கு முன்னால்தான். அதற்குப் பிறகு ஆண்டவனே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

திங்கட்கிழமை அக்காவின் கத்தி சுத்தம் செய்ய என்னிடம் வந்தது. மண்ணைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சும்மா ஒரு உதறு உதறினேன். அலகு பாதி வெளியே வந்து எட்டிப் பார்த்தது. குழியின் விளிம்பு உழைப்பில் மழுங்கியிருந்தது. ஏற்கெனவே மேலாகப் போட்ட குழி. மழுங்குவதற்கு அதில் என்ன இருக்கிறது?

மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முழுதாகச் சொல்லாமல், லூசாக இருக்கிற மாதிரி இருக்கிறது என்று மட்டும் மென்று விழுங்கினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பட்டறையில் யார் கையும் படாமல் இருந்த மூன்றாவதை எடுத்து உதறினார். அது அசையவில்லை. பண்ணை மண் உள்ளே போய் அரைத்திருக்கும் என்றார். “உங்க அக்கா கையில எட்டு வாரம் இருந்திருக்கு. அவ சரின்னு சொல்லிட்டா. அப்புறம் என்ன?” என்று கேட்டார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் என்னை நானே மன்னித்தபாடில்லை.

புதன்கிழமை மத்தியானம் மாமா திருகு வாங்கக் கடைக்குப் போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். வலது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது, கைக்குட்டை முழுக்கச் சிவப்பு. சாவி எடுக்கப் பாக்கெட்டில் கையை விட்டிருக்கிறார். உள்ளே மெல்லிசு திறந்தபடி காத்திருந்திருக்கிறது. இரண்டு விரல்களின் அடியில் நீளமாகக் கிழித்திருந்தது. தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஏழு தையல். ஊசி போடும்போதுகூட மனிதர், தீட்டியது நன்றாகத்தான் தீட்டியிருக்கிறது என்று டாக்டரிடம் பெருமை பேசினார்.

அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். பண்ணையிலிருந்து ஏப்ரனோடு ஓடி வந்தாள். மாடியில் மாமா நாற்காலியில் சாய்ந்திருந்தார். கட்டுப் போட்ட கை தலையணைமேல் இருந்தது. அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எந்தக் கத்தி என்று கேட்டாள். நான் சொன்னேன். முகத்தில் ஈயாடவில்லை.

மாமா அவளைத் தேற்ற ஆரம்பித்தார். அதுதான் தாங்க முடியாமல் போனது. “ஒண்ணுமில்லம்மா. சின்னக் கீறல். என் பாக்கெட் லூசு, அதுல உருண்டு திறந்திருக்கும். உன் பாக்கெட்ல எட்டு வாரம் ஒழுங்கா இருந்துச்சே. தப்பு கத்தி மேல இல்ல.”

அக்காவின் ஏப்ரன் பாக்கெட் கத்திக்கென்றே இறுக்கித் தைத்தது. அதற்குள் ஊசியைப் போட்டாலும் நகராது. அது மாமாவுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருந்தது. அக்காவுக்கும் இருந்திருக்கும். நான் அவளைப் பார்த்தேன். இனிமேலும் நீ சொல்லவில்லை என்றால் நான் சொல்லிவிடுவேன் என்று கண்ணாலேயே சொன்னேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை.

அவள் நேராக அலமாரிக்குப் போனாள். மேல்தட்டில் மெல்லிசின் முதல் மாதிரி இருந்தது, ஆழமான குழி போட்டது. அதை எடுத்துவந்து மாமாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வலது கையில் பிடித்தாள். கட்டைவிரலைக் குமிழில் வைத்துத் தள்ளினாள். அலகு அசையவில்லை. மறுபடி தள்ளினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாம் தடவையும் தள்ளினாள். நான் போதும் என்று பிடுங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

“இது இறுக்கமே இல்லங்க. யாரு வேணா திறக்கலாம். என்னாலதான் முடியல. எட்டு மாசமா இந்த விரல் செத்துப் போச்சு. நான் சரின்னு சொன்னது கத்திக்கு இல்ல, என் வலிக்கு. நாளைக்கு அதை அனுப்பிடாதீங்க. நானூறு பேர் பாக்கெட்டுக்குப் போயிடும்.”

மாமா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, கீழே போய் அலகுப் பெட்டிகளை இறக்கி வைக்கச் சொல், நாளைக்கு எதுவும் போகாது என்றார். நான் இறங்கிப் போனேன். வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் எங்கள் பட்டறையில் அலகு தீட்டுகிறவர்; ஏன், எதற்கு என்று நச்சரித்தார். இறக்கு என்றால் இறக்கு என்று அவர்மேல் எரிந்து விழுந்துவிட்டு மறுபடி மாடிக்கு ஓடினேன். கையைக் கிழித்த கத்தியைப் பற்றி, வீணான மாதங்களைப் பற்றி, கடைக்காரருக்குக் கொடுத்த வாக்கைப் பற்றி மாமா கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் நடுவில் விழலாம் என்றுதான் போனேன்.

அவர் அழுதுகொண்டிருந்தார். இருபது வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“எட்டு மாசம் தினமும் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிருக்கேன். சரியா இருக்கா, சரியா இருக்கான்னு கேட்டிருக்கேன். கத்தியையா கேட்டேன்? உன்னைத்தானே கேட்டுட்டு இருந்தேன்.”

அக்கா அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாமா கட்டுப் போடாத கையை அவள் தலையில் வைத்தார். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, நீயுமா சின்னவ என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆமாம் மாமா என்றேன்.

அடுத்த மூன்று வாரம் அந்த வீட்டைப் பார்க்கச் சகிக்காது. இரண்டு பேருக்கும் வலது கை விடுப்பில். பல்பசை மூடியிலிருந்து கதவுத் தாழ்ப்பாள் வரை எதையும் திறக்க ஆளில்லை. நான்தான் காலையும் மாலையும் ஏறி இறங்கிச் செய்தேன். ஒருநாள் போனபோது மாமா பிஸ்கட் பொட்டலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அக்கா பட்டையை வெளிப்படையாகப் போட்டுக்கொண்டு, பொட்டலத்தின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். ஆளுக்கொரு பக்கம் இடது கையால் இழுக்க, அது கிழிந்து பிஸ்கட் அறை முழுக்கப் பறந்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கும் கோபம் வரவில்லை. பொறுக்கியது மட்டும் நான்.

நானூறு அலகிலும் குழியை ஆழப்படுத்தினோம். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்று சொல்ல, நானும் தீட்டுகிறவரும் செய்தோம். உலைக்குப் போய் வந்து, பூட்டி, ஒவ்வொன்றையும் உதறிப் பார்த்துக் கடைக்கு அனுப்பினோம். அனுப்பும் முன் நடந்த எட்டு வாரச் சோதனை இந்தத் தடவை என் பாக்கெட்டில். நான் பார்த்த சோதனையின் லட்சணம், முதல் வாரமே பெயின்ட் டப்பாவின் மூடியை நெம்பி முனையை ஒடித்துவிட்டேன். மாமா நோட்டில் அதையும் எழுதிக்கொண்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கடையில் மெல்லிசு நன்றாக விற்றது. ஆனால் அதை அக்காவால் திறக்க முடியாது. கடைக்காரர் வந்து புகழ்ந்தபோது அவள் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு மனசு கனத்துப் போயிற்று.

மாமா அதைக் கவனிக்காமல் இல்லை. மறுநாளே வேறொன்று வரைய உட்கார்ந்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா? தன் வலது கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு, மீதி நான்கு விரலால் ஒவ்வொரு மாதிரியையும் திறந்து பார்த்தார். வந்த கூரியர்காரர், அடி பலமா சார் என்று விசாரித்துவிட்டுப் போனார். என் கட்டைவிரலையும் கட்டிவிட்டார். அந்தக் கையோடு நான் திருகு முறுக்கின அழகை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

ஐந்து மாதத்தில் அது தயாரானது. குமிழே கிடையாது. அலகின் அடியில், கைப்பிடியின் முதுகுப் பக்கம் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ஆள்காட்டி விரலால் அதைத் தன் பக்கம் இழுத்தால் போதும், அலகு தானே வெளியே வந்து நிற்கும். குழி ஆழம்தான், உதறினால் வராது. ஆனாலும் கட்டைவிரலுக்கு வேலை இல்லை. கைப்பிடி இன்னும் கொஞ்சம் தடிமன், விரல்கள் இறுக்காமலே பிடிக்கும்படி. பக்கத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பூட்டு விடும், அலகை மடக்கலாம். மாமா தன் வாழ்நாளில் செய்ததிலேயே இதுதான் நல்ல கத்தி. நான் சும்மா சொல்லவில்லை, பூட்டினவள் சொல்கிறேன்.

ஒரு சாயங்காலம் டீ மேசையில் அதை வைத்தார். சட்டைகூடத் துவைத்ததாகப் போட்டிருந்தார். அக்கா பட்டையைக் கழற்றினாள். கத்தியைக் கையில் வாங்கி எடை பார்த்தாள், கைப்பிடியைத் தடவினாள். ஆள்காட்டி விரலால் நாக்கை இழுத்தாள். அலகு மெதுவாக வந்து நின்றது. அவள் முகம் சின்னப் பெண் முகம் போல ஆனதை நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

பிறகு மூடுவதற்காகப் பொத்தானை அழுத்தினாள். பொத்தானுக்குக் கட்டைவிரல்தான் வேண்டும்.

ஒரு கணம் அவள் புருவம் சுருங்கியது. நாங்கள் இரண்டு பேரும் விரலைக் கட்டிக்கொண்டு ஐந்து மாதம் கூத்தடித்தோமே, திறப்பதை மட்டும்தான் நினைத்தோம். மூடும்போதெல்லாம் மாமா மறு கையால் அழுத்தி மூடிக்கொண்டிருக்கிறார், நானும் அப்படித்தான். அக்கா கை நிறையச் சாக்கும் செடியுமாக நிற்கிறவள், அவளுக்கு ஏது மறு கை? மாமா நோட்டைத் திறக்காமலே கேட்டார்.

“சரியா இருக்கா?”

அக்கா கத்தியைப் பார்த்தாள். துவைத்த சட்டையைப் பார்த்தாள். அவர் உள்ளங்கையில் இன்னும் சிவப்பாகக் கிடந்த தையல் தழும்பைப் பார்த்தாள். இவள் சரி என்று சொல்லிவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“இல்லங்க,” என்றாள். “திறக்கிறப்ப சுகமா இருக்கு. மூடுறப்ப வலிக்குது.”

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஐந்து மாத உழைப்பு போய்விட்ட மனிதர் மாதிரியே இல்லை. அவள் கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டு, எங்கே, இங்கேயா, எவ்வளவு என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் அவர் அந்தக் கையை விடவில்லை. டீ ஆறிவிட்டது, எழுந்து போய் நான்தான் மறுபடி சூடு பண்ணினேன்.